ஊருக்கே அக்காவான என் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து இரண்டு பேர் நாங்கள் எழுதித் தருகிறோம் என்றார்கள். நாங்கள் வளர்ந்த நாரணாபுரத்திலிருந்தும் ஆள் வந்தது. எல்லோருக்கும் காபி கொடுத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கூடப்பிறந்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேறு யார் எழுதுவது?

அக்கா காரியாபட்டிக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் காட்டு வேலை பார்த்தவர்கள். மழை இல்லாமல் வேலை குறைந்ததும் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நாரணாபுரத்துக்கு வந்து பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தார்கள். பிள்ளைகள் பட்டாசு மருந்தில் கை வைக்கக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அக்காவை மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்த்துவிட்டார். அதை முடித்துச் சிவகாசியில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த அக்கா, நோயில் விழும்வரை அங்கேயே இருந்தார். சிலர் அவரை நர்ஸம்மா என்பார்கள். "நர்ஸெல்லாம் இல்ல, டாக்டருக்குக் கூடமாட இருக்கேன்" என்று அக்கா திருத்துவார். கடைசியில் ஊரே அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் எனக்கு இன்றுவரை சம்மதமில்லை.

அந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும் என்று, மகளை அதே படிப்பில் சேர்க்க நினைத்த எதிர்வீட்டுப் பெண் ஒருமுறை அக்காவிடம் கேட்டார். "மூஞ்சியச் சுளிக்கப்பிடாது. அவசரப்படப்பிடாது. ஏச்சு வாங்கத் தெரியணும்" என்றார் அக்கா. மூன்றும் அவரிடம் இருந்தன. சீழ் வைத்த புண்ணோடு வருகிறவரிடமும் "சாப்பிட்டீகளா" என்று கேட்டுக்கொண்டேதான் கட்டைப் பிரிப்பார். வயதான தகப்பனைக் கூட்டி வந்த மகன் "அப்பாவுக்கு இருமல்" என்று ஆரம்பித்தால், "அவுகளே சொல்லட்டும்" என்று சொல்லிப் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெரியவர் இருமி முடித்துப் பேசும்வரை பொறுத்திருப்பார்.

வீட்டில் நான் தலைவலி என்று சொன்னால், "மாத்திரை டப்பாவுல இருக்கு பாரு" என்பதோடு சரி. நாமும் பேசாமல் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிடலாமா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஏச்சு வாங்குவது என்று அக்கா சொன்னது சும்மா இல்லை. தீக்காயத்தில் ஒட்டிப்போன கட்டுத்துணியைப் பிரிக்கும்போது உயிர் போகும் என்பார்கள். அக்கா உப்புத் தண்ணீரை விட்டு ஊறவைத்து, "பல்லக் கடிக்காதீக. வலிச்சா என்னைய ஏசுங்க. எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க" என்பார். முதலில் கூச்சப்படுவார்கள். துணி அசைய ஆரம்பித்ததும் வார்த்தைகள் வந்துவிடும். அக்கா கை நிதானம் மாறாமல், "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே உரிப்பார். ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது, லோடு ஏற்றுகிற ஆள் ஒருவர் எங்கள் குடும்பத்தையே, என்னையும் சேர்த்து, நாக்கூசும்படி ஏசினார். "முடிஞ்சு போச்சுண்ணே" என்று அக்கா சிரித்தார். அந்த ஆளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எவ்வளவு ஏச்சு வாங்கினாலும் அக்கா யாரையும் திருப்பி ஏசியதில்லை. என்னையும் ஏசியதில்லை. அக்கா தங்கை என்றால் சண்டை போட வேண்டாமா? அக்காவுக்கு அத்தான் எடுத்துக் கொடுத்த புதுச்சேலையை நான் கட்டிக்கொண்டு போய்க் கிழித்து வந்தபோதும், "விடு, தச்சுக்கலாம்" என்றார். நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல். ஊருக்குக் கொடுப்பதையே எனக்கும் கொடுத்தால் தங்கை என்று நான் எதற்கு? அவரிடமிருந்து எனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கினேன்.

என் வளைகாப்பன்று முதல் வளையலை அக்காதான் போட வேண்டும் என்று காத்திருந்தேன். அன்று காலையில் ஒரு கம்பெனியில் விபத்து. மாரியம்மாள் என்ற பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தது. என் கைக்கு வளையல் போட வேண்டிய நேரத்தில் அக்கா அவர் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மருந்து வாடையோடு வந்து சேர்ந்தார். மாரியம்மாளின் கை பிழைத்தது. அது நல்ல செய்தி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணை எனக்கு ஆகாது.

அத்தான் முந்திப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும் விருதுநகரில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். துக்கம் ஒருபக்கம் இருந்தாலும், இனி அக்கா எனக்குத்தான் என்ற நினைப்பும் இருந்தது. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சிவகாசி பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்புக் குவிந்தது. மாரியம்மாள் வாரம் தவறாமல் வந்தார். மடங்காத விரல்களால் அக்காவுக்குத் தலை வாரிவிட்டார். நான் வாரினால் வலிக்கிறது என்கிற அக்கா, அவர் வாரும்போது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருப்பார். அக்காவுக்குச் சுகமாக வேண்டுமென்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நான் மாவிளக்கு நேர்ந்திருந்தேன். அதை மாரியம்மாளிடம் சொன்னேன். "நான் அக்கினிச்சட்டி எடுக்கிறதா நேந்திருக்கேம்மா" என்றார், அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டத்தான் தோன்றியது.

கடைசி நாட்களில் அக்காவுக்கு முதுகில் படுக்கைப்புண் வந்தது. கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் பெண் ஒருநாள் வரவில்லை. துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. அன்று வந்திருந்த மாரியம்மாள், "நான் பக்குவமா எடுத்துவிடுதேங்க்கா" என்று எழுந்தார். அக்கா அவரைப் பார்த்து, "நீ செத்த வெளிய இரும்மா. எந்தங்கச்சி செய்யட்டும்" என்றார். நான் போய்க் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளும் போட்டேன்.

உப்புத் தண்ணீர் விட்டேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பல்லக் கடிக்காதக்கா. என்னைய ஏசு."

நான் துணியின் ஓரத்தைத் தூக்கினேன்.

"அடியே, கையா அது, உலக்கையா? மெதுவாத் தூக்குடி."

"ம், அப்புறம்?"

"அவுக எடுத்துக் குடுத்த சேலைய வேணும்னே கிழிச்சவதானடி நீ. தெரியாதுன்னு நெனச்சியா? மாரி வந்தா கதவத் தொறக்காம உள்ளயே நிக்கிறியே, அதுவும் தெரியும். பொறாம பிடிச்ச கழுத. எங்கூடவே பெறந்து, என்னையவே பங்கு பிரிக்க வந்துட்டா."

துணி முழுதாக வந்துவிட்டது. அக்கா நிறுத்தவில்லை. சின்ன வயதில் நான் செய்த சேட்டையெல்லாம் வந்தது. ஏசிக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. "எனக்குச் சாகப் பயமா இருக்குடி" என்றார். என் அக்கா அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெளியில் மாரியம்மாள் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. அக்காவும் திறக்கச் சொல்லவில்லை.

அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தன் வீட்டுப் பெண்போல் நடத்திய டாக்டர் ஐயாவுக்கும், உடன் வேலை பார்த்தவர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா போன பிறகும், நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று இருக்கன்குடிக்குப் போய் அக்கினிச்சட்டி எடுத்து வந்த மாரியம்மாளுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். துக்க ஆண்டு முடிந்துவிட்டதால் நானும் மாவிளக்குப் போடப் போகிறேன் என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் வலி தாங்காமல் அக்காவை ஏசியிருப்பீர்கள். அவர் சிரித்தபடி கேட்டிருப்பார். ஆனால் அவர் வாயால் ஏச்சு வாங்கியவள் நான் ஒருத்திதான். "என்னையும் ஒருநா அக்கா ஏசுனாக" என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால், நான் நம்ப மாட்டேன்.