பள்ளத்துக்கு முன்னால் நின்ற எபனேசர் அண்ணன்

காலையில் கடையைத் திறந்து வாடகை சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது எபனேசர் அண்ணன் வீட்டு மதினி போனில் கூப்பிட்டார். "ராசா, அவிய எந்திரிக்க மாட்டேங்காவ. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கேன். கை சில்லுன்னு இருக்குப்பா" என்றார். என் வாயில் முதலில் வந்த கேள்வி, "எந்த வண்டியில போனாரு?" என்பதுதான். "வண்டியா? கட்டில்லதானப்பா கெடக்காவ" என்று சொல்லிவிட்டு மதினி அழத் தொடங்கினார்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ராஜபாளையத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்கு ஓடினேன். அண்ணனுக்கும் எனக்கும் சாவு என்றால் அது சைக்கிளில் வரும், சரிவில் வரும், நாங்கள் வாடகைக்குக் கொடுத்த யாரோ ஒருவருக்கு வரும் என்றுதான் நினைப்பு. கட்டிலைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

எங்களிடம் வண்டி எடுத்து மலையடிவாரத்துத் தோப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஓட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரை, நீங்கள் திரும்பி வரும்வரை கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பயந்த மனிதராகவே பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்தும் இருப்பீர்கள். எபனேசர் அண்ணன் அப்படிப் பிறந்தவர் அல்ல.

ராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் மில் வேலையை விட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நேரம் அது. பழைய மலை சைக்கிள்கள் எட்டை வாங்கி, ஐயனார் கோயில் போகிற ரோட்டில் இருவருமாகக் கடை போட்டோம். முதல் வாரமே கண்மாய்க்குப் பின்னாலுள்ள பாறைச் சரிவில் அவர் பிரேக்கைத் தொடாமல் இறங்கினார். நான் மேலேயே நின்றுவிட்டேன். "ஏலே ராசா, வா! முன்னாடி ஃபோர்க் இருக்குல்லா, அது பாத்துக்கிடும்" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார். அன்று எங்கள் இருவரில் பயந்தவன் நான்தான்.

அந்த ஃபோர்க்கை நம்பித்தான் எங்கள் தொழிலே நடந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் அந்தக் கால்களில், பளபளப்பான மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் ஏறி இறங்கிக் கல்லின் அடியை வாங்கிக்கொள்ளும். உள்ளே தூசி போகாமலும் ஆயில் வெளியே வராமலும் ரப்பர் சீல் தடுக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் இரண்டு குழாயையும் பிணைக்கும் ஒரு போல்ட். கம்பெனி கொடுத்த புத்தகத்தில் சீல் மாற்றவும் ஆயில் மாற்றவும் ஒரு கணக்குப் போட்டிருந்தது. எங்கள் செம்மண்ணும் சரளையும் அந்தக் கணக்கில் பாதியைக்கூடத் தாண்டவிடவில்லை. "புக்கு எழுதுனவன் ஊருல தூசியே கெடையாது போல" என்பார் அண்ணன். ஆயிலை அளந்து ஊற்ற ஊசிபோடும் சிரிஞ்சுதான் வசதி. அதை அடிக்கடி வாங்கப் போனதில் மருந்துக்கடைக்காரர் ஒருநாள், "வீட்ல யாருக்கு சுகமில்ல?" என்று கேட்டுவிட்டார். "எட்டுப் பேருக்கு. எல்லாத்துக்கும் மூட்டு வலி" என்றார் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது.

முந்தின நாள் சாயங்காலம் பச்சை வண்டியின் ஃபோர்க்கைக் கழற்றி அவர் சீல் மாற்றினார். மாட்டி முடிக்கும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாமான்களை ஒதுக்கி, வண்டியைத் தயாராக இருந்த வரிசையில் நிறுத்திவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். காலையில் அவர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, மதுரையிலிருந்து ஒரு பெண்ணும் அவள் தம்பியும் வந்தார்கள். ஹேண்டில்பாரை அழுத்திப் பார்த்தேன். ஃபோர்க் அழகாக இறங்கி ஏறியது. பச்சை வண்டியை அவள் எடுத்தாள். வழியில் பள்ளம் வந்தால் முன்சக்கரத்தை எப்படித் தூக்கித் தாண்டுவது என்று சொல்லிக் கொடுத்து இருவரையும் அனுப்பி வைத்தேன்.

ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த அண்ணன் மேசையிலிருந்த துணியை எடுத்து உதறினார். ஒரு போல்ட் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராசா, பச்சை வண்டி எங்க?"

"போயிருக்குண்ணே. அந்தப் பிள்ளைக்குக் குடுத்தேன். அழுத்திப் பாத்துதான்…"

"அழுத்துனா தெரியாதுலே. தூக்குனாத்தான் தெரியும்."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடிபோல்ட் இல்லாத ஃபோர்க் எடை இருக்கும்வரை ஒழுங்காக நிற்கும். சக்கரத்தைத் தூக்கினால் கீழ்க்குழாய் உருவிக்கொண்டு சக்கரத்தோடு விழுந்துவிடும். பிறகு ஓட்டுபவரின் முகம்தான் தரையில் இறங்கும். அடுத்த காலின் போல்ட்டை முறுக்கினாரா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. "கரண்டு போச்சுலா… கரண்டு போச்சுலா…" என்று முனகிக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார். போன் போட்டுப் பார்த்தேன்; மலையடிவாரத்தில் டவர் கிடைக்காது. மாந்தோப்புகளுக்கு நடுவே அவர் ஓட்டிய வேகத்தில், அவர் இடுப்பைப் பிடித்திருந்த என் கைகள் மரத்துப்போயின. மண்பாதையில் டயர் தடத்துக்கு அருகே சொட்டுச் சொட்டாக ஆயில் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் வேகத்தை இன்னும் கூட்டினார்.

தடம் சுற்றுவழியாக மேலே ஏறியிருந்தது. அவர்கள் இறங்கி வரவேண்டிய பாறைச் சரிவின் அடியில், தண்ணீர் அறுத்த பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். அப்போது மேலேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. பிறகுதான் புரிந்தது, அது சந்தோஷக் கூச்சல். அவள் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தாள், தம்பிக்கு முன்னால், பள்ளத்தை நோக்கி.

நான் கத்த வாயைத் திறந்தேன். அண்ணன் என் வாயைப் பொத்தினார். "கத்துனா பயந்து தூக்கிருவா" என்றார். பள்ளத்தில் குதித்து, மறுகரையில் ஏறி, அவள் வரும் தடத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு கைகளையும் மெல்லக் கீழே அமர்த்திக் காட்டியபடி, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில், "மெதுவா தாயி, மெதுவா… பின் பிரேக்கு மட்டும்… உக்காந்தே வா…" என்றார். வண்டி சரளையில் இழுத்துக்கொண்டு வந்து, முன்சக்கரம் அவர் முழங்காலில் முட்டி நின்றது. அவர் சக்கரத்தை இரு கைகளாலும் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் இறங்கி நின்ற பிறகும் விடவில்லை.

"என்ன ஆச்சு அங்கிள்? வண்டி நல்லாத்தான இருக்கு. முன்னாடி மெத்துமெத்துன்னு இருந்துச்சு" என்றாள் அவள்.

அண்ணன் ஒரு காலின் அடியில் விரலை வைத்தார், வெறும் ஓட்டை. அடுத்த காலின் போல்ட்டை விரலால் திருகினார். முறுக்கும் சாவியே தேவைப்படவில்லை. கையோடு வந்துவிட்டது.

"என் தப்பு தாயி. இத முறுக்காம விட்டுட்டேன். அந்தப் பள்ளத்துல நீ விழுந்திருப்ப" என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. தம்பி அவர் சட்டையைப் பிடித்தான். அண்ணன் தடுக்கவில்லை. அந்தப் பெண்தான் அழுதுகொண்டே தம்பியின் கையை விலக்கினாள். அவர்கள் போன பிறகு அண்ணன் பாறை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகு கடை பல வாரம் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது அண்ணன் வேறு ஆளாகியிருந்தார். மேல்குழாயில் நகக்கீறல் அளவு கோடு தெரிந்தாலும் அந்த ஃபோர்க்கை ஒதுக்கிவிடுவார். "சீல் போறது தெரியாது. போனதுதான் தெரியும்" என்பார். தான் வேலை முடித்த வண்டியைத் தானே வரிசையில் நிறுத்தமாட்டார். "நான் முடிச்சத நீ தொட்டுப் பாரு. என்னைய நம்பாத" என்று என்னைக் கூப்பிடுவார். நான் முடித்ததை அவர் பார்ப்பார். இருவர் கையும் அடிபோல்ட்டில் பட்ட பிறகுதான் எந்த வண்டியும் வெளியே போனது.

எனக்கு அலுத்துப்போன நாட்களும் உண்டு. ஒருமுறை நான் மூன்று தடவை பார்த்த வண்டியைப் பற்றி, சாப்பிட உட்கார்ந்த என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். "போதும்ணே. அந்தப் பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. "நீ அவ மூஞ்சியப் பாத்த ராசா. நான் அந்தப் பள்ளத்தப் பாத்தேன்" என்றார். சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து கடைக்குப் போனேன்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து சில நாள் கழித்துக் கடையைத் திறந்தேன். ஒரு ஃபோர்க்குக்கு ஆயில் மாற்றி, அடிபோல்ட்டுகளை முறுக்கி நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. நான் முடித்ததைத் தொட்டுப் பார்க்க இனி ஆள் இல்லை. அந்த வண்டியை வரிசையில் நிறுத்த என் கை போகவில்லை. மறுபடி முறுக்கிப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். என் கண்ணை நானே எப்படி நம்புவது?

அப்போது தளவாய்புரத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளோடு வந்தார். அந்த வண்டியைத்தான் மகள் காட்டினாள். "பயப்பட ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் அவர். வழக்கமாக நான் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று, "இருக்குங்க" என்றேன். அவர் முகம் மாறியது. குனிந்து, போல்ட் இருக்கும் இடத்தைக் காட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே ஒரு தடவ முறுக்கிப் பாத்துருங்க. அசையக் கூடாது." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கி மண்ணில் குந்தி உட்கார்ந்து, இரண்டையும் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலில்தான் நின்றேன். உட்கார முடியவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தப் பயம். யாராவது ஆறுதல் சொல்லி இதைப் போக்கிவிடாதீர்கள். எனக்கு இது வேண்டும்.