வாய்க்கால் வாயில் நான் மொள்ளாத தண்ணீர்

நேற்று சின்னவள் பள்ளிக்கூடத்து வேலைக்காகக் கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். மூடி சரியாக இறுகவில்லை. ரசத்தைத் தாண்டி அந்த வாடை மூக்கில் ஏறியதும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, எல்லாமே நாறுது" என்று பெரியவன் சிரித்தான். சிரிக்கட்டும். அது எனக்குப் பழகிய வாடை. எப்படிப் பழக்கம் என்று உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சுனாமி வந்து போன மறுவருஷம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குக் கடல் தண்ணீரைச் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் போவேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வங்காள விரிகுடாவுக்கே நான்தான் அதிகாரி என்கிற நினைப்பு. பார்த்த வேலை என்னவோ பாட்டிலில் தண்ணீர் மொள்வது.

உடம்பு சரியில்லாதவருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள் இல்லையா, கடலுக்கும் அப்படித்தான். ஆழக்கடல் தண்ணீரை எங்கள் ஆய்வுக்கூடத்து மேடம் படகில் போய் எடுப்பார். கரைத் தண்ணீர் என் பொறுப்பு. அதில் முக்கியமானது, குருசுக்குப்பத்தை ஒட்டி ஊர்ச் சாக்கடை வாய்க்கால் கடலில் விழுகிற இடம். "முட்டளவு தண்ணில எறங்கி, வாய்க்கா கலக்கற எடத்துலயே மொள்ளுங்க. தள்ளி எடுத்தா பிரயோஜனமே இல்ல" என்று மேடம் முதல் நாளே சொன்னார்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்? தார் மாதிரித் தண்ணீர். அதன்மேல் பழுப்பு நுரை. நுரைக்குள் கோழி இறகு, தலைமயிர், ஊசிப்போன சாம்பாரோடு கட்டி எறிந்த பாலித்தீன் பை, குழந்தைக்குக் கட்டி அவிழ்த்த துணி. திருவிழா முடிந்த மறுநாள் சாயம் பூசிய சாமி சிலையின் கை ஒன்றுகூட மிதந்து வந்தது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை மக்கிக் கிடக்குமே, அதோடு யாரோ டீசலைக் கலந்ததுபோல் நாற்றம். தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பீச் ரோடு. வெளியூர்க்காரர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே கடலைப் படம் பிடிப்பார்கள். தின்று முடித்த கப்பைக் கல் இடுக்கில் செருகிவிட்டு இன்னொரு படம் பிடிப்பார்கள். ஊருக்குள் இருக்கிற நாம் மட்டும் யோக்கியமா? வீட்டைக் கழுவித் தள்ளிக் கதவைச் சாத்தினால், அழுக்கு உலகத்தை விட்டே போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

முதல் தடவை கணுக்கால் வரை இறங்கினேன். காலில் வழவழவென்று ஏதோ சுற்றியது. மொண்டு தூக்கிப் பார்த்தால் பாட்டிலுக்குள் மயிர்ச்சுருளும் ஒரு புழுவும். குமட்டிக்கொண்டு வந்தது. அது மட்டும் இல்லை, இதை ஒரு படித்த பெண்பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது என்று கூச்சமாகவும் இருந்தது. என் புத்தி அவ்வளவுதான். கொட்டினேன். வடக்கே ஐம்பது அறுபது அடி நடந்து, அலை சுத்தமாகப் புரள்கிற இடத்தில் மொண்டேன். பாட்டிலை வெளியேயும் கழுவித் துடைத்து, 'வாய்க்கால் வாய்' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினேன்.

"உங்க பாட்டில் பெட்டி மட்டுந்தான் நீட்டா வருது" என்றார் மேடம். லேபிளைத்தான் சொன்னார். நான் அந்தப் பாராட்டில் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் மாதாமாதம் அங்கேயே மொண்டேன்.

குப்பத்தில் தனலட்சுமி அக்கா மீன் விற்பவர். பாட்டில் பெட்டியோடு என்னைக் கண்டால் விடமாட்டார்.

"இன்னா தண்ணி டாக்டரே, ஊசி போட வந்துட்டியா?"

"சோதனைதான்க்கா."

"எம் பொண்ணு காலெல்லாம் சொறி. அது உன் பாட்டில்ல தெரியுமா?"

"எல்லாம் தெரியும்க்கா" என்றேன், அட்டையைச் சரிசெய்துகொண்டு.

வாய்க்காலை வேறு பக்கம் திருப்பச் சொல்லிக் குப்பத்து ஜனங்கள் நகராட்சியில் மனு கொடுத்திருந்தார்கள். சோதனைத் தாள் வரட்டும், பார்க்கலாம் என்பது பதில். தாள் வந்தது. கரைத் தண்ணீரில் சொல்லும்படியான கெடுதல் இல்லை என்று இருந்தது. மனுவைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

வடக்கே தள்ளி மொண்டதை மூன்றாம் நாள் மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் அவரே என்னோடு வந்து முட்டளவு இறங்கினார். அந்தத் தண்ணீர் கால் வைக்கவே லாயக்கில்லாதது என்று வந்த முடிவை எனக்குப் படித்துக் காட்டினார். திருத்திய தாளை எழுதி அனுப்பினார். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று திரும்பி வந்தது.

அக்காவிடமும் போய்ச் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மனையில் கை நின்றது.

"அருவருப்பா இருந்திச்சா ஒனக்கு?"

தலையாட்டினேன்.

"எம் பொண்ணு அதுலதான்டா தெனம் குளிக்கிறா."

மறுபடி அரியத் தொடங்கினார். அதற்கப்புறம் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை. தம்பி என்றும் கூப்பிடவில்லை. எனக்கு அந்தக் கறுப்புத் தண்ணீரைவிட என் இஸ்திரிச் சட்டை நாறியது.

அடுத்த வருஷம் வருவதற்குள் கடல் அங்கே மணலைத் தின்னத் தொடங்கிவிட்டது. அரிப்பைத் தடுக்க மேலே லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடிய மணல் போயிற்று, வலை உலர்த்திய இடம் போயிற்று. அக்கா வீட்டை விட்டு ஊருக்கு உள்ளே எங்கோ குடிபோனதாகச் சொன்னார்கள். மேடத்துக்கும் வேறு ஊருக்கு மாற்றல். வாய்க்கால் மட்டும் கல் இடுக்கில் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. நானும் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். முட்டளவு என்ன, கழுத்தளவு இறங்கச் சொன்னாலும் இன்றைக்கு இறங்குவேன். கால் வைக்க அங்கே கரை இல்லை.