நடுச்சந்தியில் ஒரு தற்காலிகப் பதவி

போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வேலை என்பது வேறொன்றுமில்லை. நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்று, நம்மைச் சுற்றி நடப்பதெல்லாம் நாம் சொல்லித்தான் நடக்கிறது என்று நம்புவது. அந்த நம்பிக்கையில் ஒரு வருடம் காலம் தள்ளியவள் நான். ஆபீசிலோ வீட்டிலோ, கேட்க ஆள் இல்லாமலே உத்தரவு போட்டுப் பழகிய என் சக பாவப்பட்டவர்களே, இதைச் சிரிக்காமல் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, எங்கள் ஊரே சிரித்ததுதான்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோவில்பட்டியில் டவுன் பஸ் ஏறி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் சின்ன நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் பழைய கவுன்சிலர்கள் எல்லாரும் நியாயம் கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அத்தனை நாற்காலிக்கு நான் எங்கே போவேன்?

பதவி பிறந்த கதை

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் சேர்மனின் கார் ஒரு முகூர்த்த நாளில், நாலு ரோடும் கூடும் நாலுமுக்கில் மாட்டிக்கொண்டது. முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வேன் (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம்), பின்னால் பருத்தி ஏற்றிய டிராக்டர், இரண்டு பக்கமும் ஆடு. தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய மனிதர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது பந்தி பாயசத்துக்கு வந்திருந்தது. அந்தக் கோபத்தில் அடுத்த கூட்டத்திலேயே ஒரு பதவியை உண்டாக்கினார்: ‘போக்குவரத்துச் சீரமைப்பு மேற்பார்வையாளர் (தற்காலிகம்)’. மேற்பார்வை பார்க்கக் கீழே ஓர் ஆள்கூடக் கிடையாது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நான் அப்போது பிறப்பு இறப்புப் பிரிவில் ஒன்பது வருடமாகத் தற்காலிக டைப்பிஸ்ட். நான் சான்றிதழ் அடித்துக் கொடுத்த பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தற்காலிகமாகவே இருந்தேன். புதுப் பதவி என்றதும் நிரந்தர ஊழியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் முதுகுவலி வந்தது. கமிஷனர் என்னைக் கூப்பிட்டார். ஒரு வருடம் பார், வருடக் கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், ஊருக்கு இந்தப் பதவி தேவை என்று அவர் எழுதிவிட்டால் பதவியும் நிரந்தரம், நீயும் நிரந்தரம் என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது நிரந்தரமாக இருந்தது, அடுப்புக்கு நேர் மேலே ஒழுகும் ஓடு ஒன்றுதான்.

வெளியே வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெட்கிளார்க் சண்முகம் அண்ணாச்சி தைரியம் சொன்னார்: “நீ ஒண்ணும் பயப்படாத தாயி. வண்டி அதுபாட்டுக்குத்தான் போகும். போற பக்கமாப் பாத்துக் கையக் காட்டிரு, நீ சொல்லித்தான் போகுதுன்னு ஆயிரும்.”

இரண்டு விசில்

எனக்குக் கொடுத்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, நகராட்சிப் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதிய குடை. மற்றொன்று, நகராட்சிப் பள்ளி டிரில் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய விசில்.

முதல் நாள் காலை. டவுன் பஸ் ஒன்று ஸ்டாப்பில் நின்றது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி திரும்புவதைப் பார்த்துவிட்டு, பஸ் இப்போது நகரக்கூடாது என்று நான் ஓங்கி ஊதினேன். ஒரு தடவை ஊதினால் கேட்காதோ என்று இரண்டு தடவை ஊதினேன். பஸ்ஸுக்கு ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கையில் அதிகாரம் வந்ததும் மறந்துவிட்டது. டிரைவர் மகராசன் திரும்பியே பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். மாட்டு வண்டிக்காரன் ஒடித்துத் தப்பித்தான். பாதிக் கூட்டம் ரோட்டில் நின்றது. அதோடு, டீக்கடையில் கிளாசும் கையுமாகக் கண்டக்டரும் நின்றார்.

அவர் ஓடவில்லை. டீயைக் குடித்து முடித்தார். நேராக என்னிடம் வந்தார். “ஒரு பஸ்ஸுக்கு ஒரு விசில்தான் மேடம் உண்டு. உங்களுக்குச் சத்தம் வேணும்னா கோயில்ல சொல்லி ஒரு கொட்டு வாங்கிக்கிடுங்க.”

ஆட்டுக்கு பிரேக் கிடையாது

பேச்சிமுத்து அண்ணாச்சி தினமும் நூற்றுப் பத்து ஆடுகளை நாலுமுக்கைக் கடத்தி மேற்கே மேய்ச்சலுக்குக் கொண்டுபோவார். நான் அவரிடம், பாதி ஆடு போனதும் கையைக் காட்டுவேன், மீதியை நிறுத்த வேண்டும், பஸ் போன பிறகு மீதியைக் கொண்டுபோகலாம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் சொன்னால் சரி என்று தலையை ஆட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சுமார் ஐம்பது ஆடு தாண்டியதும் குடையை விரித்துக் குறுக்கே நீட்டினேன். பின்னால் வந்தவை மிரண்டு நின்றன. முன்னால் போனவை, பின்னால் சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தன. பார்த்ததோடு நிற்காமல் திரும்பி வந்தன. நடுவில் கழுகுமலை பஸ். அதன் அடியில் குட்டிகள். முக்கால் மணி நேரம் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

எல்லாம் முடிந்து குடையில் இருந்த புழுக்கையை நான் உதறிக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து அண்ணாச்சி பக்கத்தில் வந்து நிதானமாகச் சொன்னார்: “முன்னால போறது நின்னா பின்னால வாரது நிக்காது தாயி. பின்னால வாரது நின்னா முன்னால போனது திரும்பிரும். பஸ்ஸுக்குத்தான் பிரேக் உண்டு, அவியளப் போயி நிப்பாட்டுங்க.”

எதிர்ச்சுற்று

ஆட்டிடம் தோற்ற பிறகு நான் காகிதத்துக்கு வந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள நாலு தெருவும் குறுகல். ஒருவழிப் பாதை ஆக்கினால் தீர்ந்தது என்று இன்ஜினியரோடு உட்கார்ந்து படம் போட்டேன். போர்டு வைத்தோம், அம்புக்குறி போட்டோம். மறுநாள் ஒரு வண்டிகூட உள்ளே வரவில்லை. ஆட்டோக்காரர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, சவாரி வந்த கிழவிகளை இறங்கி நடக்கச் சொன்னார்கள். ஜவுளிக்கடைக்கு வந்த சரக்கு லாரி சந்தியிலேயே மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டது.

ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தலைவர் அந்தோணி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவராவது நமக்குத் துணை நிற்பார் என்று போனேன். என்ன அண்ணாச்சி பிரச்சினை என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது: இன்ஜினியரும் நானும் போட்ட அம்புக்குறி சாமியை இடமாகச் சுற்ற வைத்திருந்தது. தேர் வலமாகச் சுற்றும் தெருவில் ஊரை எதிர்ச்சுற்று சுற்றச் சொல்லியிருக்கிறோம். அன்று மாலையே அம்புக்குறிகளைத் திருப்பி எழுதச் சொன்னேன். மறுநாள் முதல் எங்கள் ஊரில் எல்லாரும் மதித்த ஒரே போக்குவரத்து விதி அதுதான். சைக்கிள்கூட எதிரே வராது.

அந்தோணி சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: “நான் உங்க கோயிலுக்குள்ள கால் வச்சதே இல்ல மேடம். ஆனா காலங்காத்தால இடமாச் சுத்துனா எந்தச் சாமிதான் சவாரி குடுக்கும், சொல்லுங்க?”

பாத்தி

எட்டயபுரம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடம் என்பதால், அங்கே வெள்ளைக் கோடு போட வேண்டும் என்று நான் எழுதிய ஏழாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. கறுப்புத் தாரில் வெள்ளைப் பட்டை பட்டையாக, பார்க்கவே கண் நிறைந்தது. வீட்டுக்காரரைச் சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டினேன். கோடு நேராக இருக்கிறது என்று பாராட்டினார்.

அது தை மாதம். மறுநாள் போனால் என் கோட்டைக் காணோம். பட்டைக்கு ஒருத்தி வீதம் ஐந்து பேர் மிளகாய் வத்தலைக் காயப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் வரை யார் இடம் எது என்று சண்டை போட்டுக்கொண்டவர்கள், இப்போது கோட்டை வைத்துப் பிரித்துக்கொண்டு சமாதானமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தினேன், கெஞ்சினேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெள்ளைக் கோட்டைக் கண்டு நிற்காத லாரியெல்லாம் வத்தலைக் கண்டதும் ஊர்ந்து போயிற்று. பிள்ளைகள் ஆடி அசைந்து ரோட்டைக் கடந்தார்கள். கடைசியில் வத்தல் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுவதற்கு முன்னால் அதில் மூத்தவள் என்னிடம் கேட்டாள்: “நீங்களே வந்து அழகாப் பாத்தி கட்டிக் குடுத்துட்டு, இப்ப நீங்களே அள்ளுன்னா எப்படிம்மா? இது ஒங்களுக்கே நல்லா இருக்கா?”

அதிகாரி வந்த நாள்

இப்படியாக ஒரு வருடத்தில் நான் ஊரைத் திருத்தவில்லை. ஊர்தான் என்னைத் திருத்தியது. பேச்சிமுத்து அண்ணாச்சி பத்தேகாலுக்கு, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் ஆட்டைக் கடத்தப் பழகினார். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போக நான் பழகினேன். சந்தி அடைபடுவது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அதுபோதும், ஆள் தேவை என்று அதிகாரிக்குப் புரிந்துவிடும் என்று நம்பினேன்.

அவர் வருவதற்கு முந்தின நாள் டீக்கடையில் அந்தோணி கேட்டார், ஏன் மேடம் முகம் வாடியிருக்கிறது என்று. சொன்னேன். நாளைக்கு அதிகாரி வருகிறார் அண்ணாச்சி, அவர் எழுதுவதில்தான் என் வேலை இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பென்ஷன் வந்திருக்கும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாலுமுக்குக்குப் போன எனக்கு, வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆட்டோக்கள் கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன. தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள் ஓரம் கட்டி ஆள் ஏற்றின. கடலைமிட்டாய்க் கடைக்காரர் ரோட்டுக்கு இழுத்துவிட்டிருந்த பந்தலைப் பிரித்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வத்தலைக் கூட்டி அள்ளி, கோட்டைக் கழுவியும் விட்டிருந்தார்கள். பத்தேகால் ஆயிற்று, ஆட்டைக் காணோம். பேச்சிமுத்து அண்ணாச்சி மூன்று மைல் சுற்றிக் கண்மாய்க் கரை வழியாகப் போய்விட்டாராம். ஒரு ஹாரன் சத்தம் இல்லை. அதிகாரியின் ஜீப் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. அவர் இறங்கி அரை மணி நேரம் நின்று பார்த்தார். நான் கையை நீட்டவே வேண்டியிருக்கவில்லை. எதிரே அந்தோணி, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி என்னிடம், இந்த ஊரில் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். இல்லை ஐயா, இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல? ஆமாம் என்றேன். ஒன்பது வருடம், அதோடு ஒரு வருடம், எல்லாம் அந்த ‘ஆமாம்’ என்ற சொல்லோடு போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அழுதது வேலைக்காக மட்டும் இல்லை. எனக்காக ஒருவர் நூற்றுப் பத்து ஆட்டோடு மூன்று மைல் சுற்றியிருக்கிறார். இதுவரை எந்த ஆபீசிலும் எனக்காக ஒருவரும் நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. ஊரில் போக்குவரத்து சீராக உள்ளதால் மேற்படி பதவிக்கான தேவை எழவில்லை. அதற்குள் ஊர் பழையபடி ஆகியிருந்தது. நாலுமுக்கில் லாரி, வேன், ஆடு என எல்லாம் பின்னிக் கிடந்த நேரத்தில், நடுவே நின்று அந்தக் காகிதத்தை அந்தோணிக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சிக்கும் படித்துக் காட்டினேன். அந்தோணி தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சிமுத்து அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டுச் சொன்னார்: “இப்படின்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லப்பிடாதா தாயி? நூத்திப்பத்து உருப்படியையும் அவரு ஜீப்புக்குள்ளயே ஏத்தி விட்டிருப்பம்லா!”

ஒரு வருடம் தொண்டை கிழியக் கத்தியும் என் பேச்சைக் கேட்காத ஊர், ஒரே ஒரு நாள் கேட்டது. அதனால்தான் நான் மறுபடியும் பிறப்பு இறப்புப் பிரிவில், தற்காலிகமாக, ஜன்னல் வழியே ஹாரன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டைப் அடிக்கப் போனேன்.