பக்கத்து சீட்டுக்காக டியூன் செய்த கார்

போன சனிக்கிழமை மறையூருக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, என் காரைக் காப்பாற்றிக்கொள்ள. இரண்டே கதவுகள் உள்ள, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய கையோடு எஞ்சின் கம்ப்யூட்டரை ஒருவரிடம் கொடுத்து, கூடுதல் சக்தி வரும்படி அதன் கணக்குகளை மாற்றி ரீமேப் செய்திருந்தேன். ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டாலே பாயும். நான் பூரித்துப்போய் இருந்தேன். ஆனால் முதல் பயணத்திலேயே, சின்னாறு தாண்டிய மலை வளைவுகளில் என் மனைவி சுமதி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வண்டிய வித்துப்போடோணும்" என்றாள். நானும் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

அதே வழியில் மறுபடி போவதற்கு முந்தின வாரம் இருவரும் வடகரப்பதிக்குப் போனோம். அங்கே தென்னந்தோப்பு ஓரமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கோமதி லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, எந்த பெட்ரோலுங்க ஊத்தறீங்க?"

"சாதாதான்."

"இந்த மேப்பு கேக்கறது உசந்த ஆக்டேன் பெட்ரோலுங்க. சாதா ஊத்துனா நாக்கிங் வருது, எஞ்சினு கிலுகிலுன்னு சத்தம் போடுது. கம்ப்யூட்டர் எஞ்சின இழுத்துப் புடிக்குது, அப்பறம் விடுது. அது பத்தாதுன்னு, பெடல காவாசி மிதிச்சா, எஞ்சினுக்குக் காத்து விடற த்ராட்டில் முக்காவாசி தொறக்குது. அக்கா கழுத்து என்னத்துக்குங்க ஆகும்?"

பிறகு அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. சுமதியை முன்சீட்டில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். லேப்டாப்போடு பின்சீட்டில் தன்னை மடக்கித் திணித்துக்கொண்டார். நான் ஓட்ட ஓட்ட, தலை ஆடும்போதெல்லாம் சுமதி "இப்ப" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பெடல் மேப்பைத் திருத்துவார். நான்காவது சுற்றில் சுமதி வாயே திறக்கவில்லை. "ஓட்றவங்க கால வெச்சுத்தானுங்க எல்லாரும் டியூன் பண்றாங்க. பக்கத்து சீட்ட யாரும் கேக்கறதில்லீங்க" என்றார் கோமதி. கட்டணம் பன்னிரண்டாயிரம். சாதா பெட்ரோலுக்கு ஏற்ற மேப், அதனால் சக்தி கொஞ்சம் குறைவு. எனக்கு வருத்தம்தான்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கொல்லங்கோட்டில் கிளம்பி, பொள்ளாச்சி வழியாக 7.35க்கு உடுமலை. அங்கே சாதா பெட்ரோல் போட்டோம். சின்னாறு சோதனைச்சாவடி 8.30. சுமதி மாத்திரை போட மறுத்துவிட்டாள். "மாத்திரை போட்டா வண்டி தேறுச்சான்னு எப்படித் தெரியும்?" கையில் மட்டும் மருந்துக்கடைக் காகிதக் கவர் ஒன்றை மடித்து வைத்திருந்தாள். காட்டுவழியில் பிளாஸ்டிக் கூடாது.

ஏற்றம் தொடங்கியது. எதிரே மூணாறு பேருந்து. ஒதுங்கி நின்று மறுபடி எடுத்தேன். கார் உலுக்காமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. எஞ்சினில் அந்தக் கிலுகிலுச் சத்தமும் இல்லை. கோமதிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அப்போதுதான் சுமதி சொன்னாள்: "நிறுத்துங்க."

போயிற்று என்று நினைத்தேன். ஓரங்கட்டினேன். அவள் இறங்கிப் பள்ளத்தாக்கின் பக்கம் போனாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினேன்.

"அங்க பாருங்க, அருவி! போன தடவ இது இங்க இருந்துச்சா?"

9.20க்கு மறையூர். வீட்டிலிருந்து 108 கிலோமீட்டர். கரும்புப்பாகு காய்ச்சும் கொட்டகையில் வெல்ல உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவர், "பை இருக்காக்கா? சூடா இருக்கு" என்றார். சுமதி கவரைப் பிரித்து நீட்டினாள். "வாந்தி எடுக்கக் கொண்டாந்ததுங்க. தேவப்படல." அவர் கவருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உருண்டைகளைப் போட்டார்.

இதே வழியில் வருபவர்களுக்கு: வழியில் எந்தப் பெட்ரோல் நிச்சயமாகக் கிடைக்குமோ அதற்கே ரீமேப் செய்யுங்கள். உயர் ஆக்டேன் கிடைக்கும் என்று மலையை நம்பாதீர்கள். காட்டுக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், யானை உண்டு. டியூன் செய்யப் போகும்போது பக்கத்தில் உட்காருபவரையும் கூட்டிப் போங்கள்.

கிளம்பும்போது சுமதி, "வண்டி இருக்கட்டும், விக்க வேண்டாம். சாவியக் குடுங்க" என்றாள். வெல்லத்தை என் தோள்பையில் கொட்டினாள். காலிக் கவரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.