நான் அழிக்கச் சொன்ன பொட்டு

உயிரோடிருந்த ஒரு மனிதரைச் செத்துவிட்டார் என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். இத்தனை ஆண்டுகளில் உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் சிறுகடன் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. கடன் கேட்கும் பெண்களைப் படம்பிடித்து, அவர்கள் கதையை ஆங்கிலத்தில் எழுதி இணையதளத்தில் ஏற்றுவேன். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள் படித்து, மனமிரங்கி, ஆளுக்குக் கொஞ்சம் கடன் அனுப்புவார்கள். விதவை என்றால் பணம் உடனே சேர்ந்துவிடும்! மற்றவர்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கன்னியம்மா காத்துக் கிடந்தாள். எளாவூர் சோதனைச்சாவடி அருகே லாரிக்காரர்களுக்கு இட்லி விற்பவள். கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டிருந்தாள். கணவர் ஏகாம்பரத்துக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. என்னை வாய் நிறைய அக்கா என்பாள். நாஷ்டா தராமல் அனுப்பமாட்டாள்.

"பொட்டையும் பூவையும் எடுத்துடு கன்னியம்மா, போட்டோவுல வெளிச்சம் அடிக்குது" என்றேன்.

பொய்! கட்டியவன் உயிரோடிருக்கப் பொட்டை அழிக்க எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? அவளுக்கு வந்தது... சொன்னது நான் என்பதால். தாலிச்சரட்டை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டதும் நான்தான்.

நல்லதுக்குத்தானே செய்தேன்? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கிரைண்டரும் வந்தது.

அடுத்த ஆண்டு, கடன் கொடுத்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவளைப் பார்க்கவே வந்தார். அவரும் கணவரை இழந்தவர். கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மொழிபெயர்க்க நான்! 'உன்னைப் போலவே நானும்' என்று அவர் சொன்னதை விழுங்கிவிட்டு, அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டாராம் என்று பாதியை மட்டும் சொன்னேன்.

"அழாதீங்கமா" என்று கன்னியம்மா தன் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள்.

அந்நேரம் பார்த்து வேலை முடிந்து ஏகாம்பரம் வந்து நின்றார். இவர் யார் என்று அம்மாள் கேட்டார்.

"பிரதர்" என்றேன்.

அந்தச் சொல் எளாவூரில் யாருக்குத்தான் புரியாது? கன்னியம்மா என்னைப் பார்த்தாள். ஆனாலும் வந்தவர் விருந்தாளி... சிரித்த முகத்தோடுதான் வழியனுப்பினாள். கார் போனதும் திரும்பினாள்.

"இன்னா எழுதி வச்சிக்கீற என்னப் பத்தி?"

சொன்னேன். வேறென்ன செய்ய?

"அக்கா அக்கான்னு உன்ன நம்பிக்கினு இருந்தேனே! எங்க ஊட்டுச் சோத்தத் துன்னுட்டு, என் கையாலயே என்ன முண்டச்சி ஆக்கிட்டியே! நெருப்பாண்ட நின்னு வேல செய்ற ஆளு... இனிமே அவரு வர கொஞ்சம் நேரமானாலும் எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். கடன கட்டிடறேன். நீ மட்டும் இங்க வராத."

போகவில்லை. ஆலையில் சங்கு ஊதும்போதெல்லாம், ஏகாம்பரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா என்று எனக்கும் அடித்துக்கொள்கிறது. யாரிடம் கேட்பேன்? எந்த முகத்தோடு கேட்பேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இணையதளத்தில் அவள் கதை இருக்கும் பக்கத்தை நான் திருத்தவே இல்லை. அதில் அவர் இன்றும் செத்தவர்தான்.