நாற்பதாவது குண்டூசி

போர்வை டீச்சரைப் போல ஒருவர் இதுவரை பிறந்ததில்லை, இனிமேல் பிறப்பதாகவும் உத்தேசமில்லை. வானம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கினால் அவரைத்தான் ஏணி போட்டுக் கூப்பிடுவார்கள். அவரும் போய், ஓரத்தை மடிக்காமல் தைத்தது யார் என்று கடவுளை நாலு திட்டு திட்டிவிட்டு, மேகத்தைப் பஞ்சாகத் திணித்து மூட்டித் தந்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு வந்து சேர்ந்துவிடுவார்.

இதில் ஓரத்தை மடிப்பது மட்டும்தான் நிஜம். ஏணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. லிஃப்ட் என்றால் பயம், யாராவது கத்தரிக்கோலைத் திறந்தபடி வைத்தால் பயம், போன் மூன்றாவது தடவை அடித்தால் பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் குண்டூசி. இத்தனைக்கும் அவர் பிழைப்பே குண்டூசியில்தான் ஓடுகிறது.

இரண்டாவது மாடியில் ஒரு நீள அறை. மூன்று மேஜைகளை ஒட்டிப் போட்டிருக்கும். பழைய சட்டை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று கிடைத்ததை எல்லாம் டீச்சர் சதுரமாக, முக்கோணமாக வெட்டுவார். தரையில் பரப்புவார். முக்காலி மேல் ஏறி (அந்த உயரம் வரைக்கும் தைரியம் உண்டு) ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அந்த நீலம் கத்துது, கொஞ்சம் தள்ளி வை" என்பார். துணி கத்துவது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். துண்டுகளை இணைத்ததும் அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நழுவாமல் இருக்க மேலெல்லாம் குண்டூசி குத்தி, அதன்பின் குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பார்கள். தைக்கத் தைக்க ஊசியை உருவி டப்பாவில் போட வேண்டும்.

டப்பாவில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று தலை வைத்த குண்டூசிகள் கலந்து கிடக்கும். மொத்தம் நாற்பது. வகுப்பு தொடங்கும்போது எண்ணிக் கொடுப்பார், முடியும்போது எண்ணி வாங்குவார். நாற்பது வந்து சேராமல் ஒருத்தரும் செருப்பு மாட்ட முடியாது. பஞ்சுக்குள் போன ஊசி சும்மா இருக்காதாம். மேலே படுக்கிற ஆள் புரளப் புரள அதுவும் உள்ளே நடக்குமாம். இதைக் கேட்டால் நமக்கே முதுகு அரிக்கும்.

அன்றைக்கு ஒரு குழந்தைப் போர்வை முடிகிற நாள். வகுப்பிலேயே சின்னவளாக இருந்த ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அதற்காக மற்ற ஆறு பேரும் நான்கு மாதமாகத் தைத்தது. ஐந்து மணிக்கு அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான். கடைசி ஊசியை உருவுகிற நேரம் ஜன்னல் பக்கம் ஒரே சிரிப்பு. வகுப்பின் ஒரே ஆண்பிள்ளை, ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர், டீச்சரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார். அவர் விறைப்பாக பஸ் ஸ்டாப்பை நோக்கி நடக்க, சட்டைக்குப் பின்னால் ஒரு முழ நீளக் காகித வால் ஆடிக்கொண்டிருந்தது. அதை யார் மாட்டியது என்பது இன்றுவரை துப்பு துலங்காத வழக்கு. டீச்சரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போர்வையை மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

எண்ணவில்லை.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்து எண்ணினார். முப்பத்தொன்பது. எட்டுத் தடவை எண்ணினார். காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்தார். ஒரு பிளேடும் இரண்டு கொக்கியும் வந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து போகப் பொறுமை இல்லை. காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு இருபது நிமிட நடையைப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்தார்.

குழந்தை அந்தப் போர்வை மேலேயே தூங்கிக்கொண்டிருந்தது. காலை உதைத்து உதைத்துக் கனவு கண்டது. ஒவ்வொரு உதைக்கும் டீச்சருக்கு மூச்சு நின்று வந்தது. ஒரு தையல் விட்டிருக்கும் போல, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பொய் சொன்னார். சின்னவள் சிரித்தாள். இப்போதுதான் தூங்கினான், எழுப்பினால் டீச்சர்தான் பாடித் தூங்கவைக்க வேண்டும் என்றாள்.

உண்மையைச் சொன்னால் பதினேழு வருஷப் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் அதிலேயே புரளும். டீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு குண்டூசி கணக்குல வரலம்மா. இதுக்குள்ள இருக்கலாம்."

சின்னவளின் முகம் வெளிறியது. பிள்ளையை வாரி எடுத்தாள். சட்டையைக் கழற்றி முதுகு, தொடை, உள்ளங்கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது.

"ராத்திரி பூரா இதுலதான் படுத்திருந்தான் டீச்சர்."

டீச்சர் பையைத் திறந்தார். காந்தத்தைப் போர்வை மேல் ஓட்டினார். டக்கென்று ஒட்டியது. இரண்டு பேருக்கும் உயிர் போய் வந்தது. பார்த்தால் கீழே இருந்த கட்டில் கம்பி. தரையில் விரித்து மறுபடி ஓட்டினார். ஒன்றும் இல்லை. காந்தத்தை நம்ப மனம் ஒப்பவில்லை. உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஆறு பேரின் நான்கு மாதம் ஒன்றரை மணி நேரத்தில் நூலும் துண்டுமாகக் கிடந்தது. பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாக விரலில் நசுக்கிப் பார்த்தார். இல்லை.

சின்னவள் கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். "இல்லைன்னா நல்லதுதானே?"

"இல்லைன்னா எங்க?"

அந்தக் கேள்விதான் பத்து நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. அறையில் செருப்பில்லாமல் நடப்பதில்லை. பழைய மாணவிகளின் வீட்டுப் போர்வைகளை நினைத்து நினைத்து வியர்க்கிறார். அந்த ஊசி கிடைக்காமல் அடுத்த துணியில் கத்தரி வைக்க மாட்டேன், வகுப்பையே மூடிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு பச்சைத் தலைக் குண்டூசி எங்கேயோ சொகுசாக இருக்க, ஒரு மனுஷி இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

வகுப்பின் கண்காட்சியில் டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஒட்ட வேண்டுமாம். எல்லாரும் நழுவிவிட, அதே வகுப்பில் தைக்கிற அவருடைய அக்கா மகள் தலையில் விழுந்தது. இதுவரைக்கும் நீங்கள் படித்ததை எழுதி அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வானம், ஏணி வந்த இடத்தில் சிரிக்கவில்லை. கடைசிக்குப் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"பச்சைத் தலைன்னு எழுதியிருக்கியே."

"ஆமா சித்தி."

"நான் எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்பேன். தொலைஞ்சது என்ன கலர்னு எனக்கே தெரியாது."

அக்கா மகள் ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்ஸ்பெக்டர் வாலை எதால குத்துன?"

மறுநாளே இன்ஸ்பெக்டர் வீட்டுக் குப்பைக்கூடையைக் கிளறி ஊசியை எடுத்துவிட்டதாகவும், அதோடு ஓடி வருவதற்குள் போர்வை பிரிந்து கிடந்ததாகவும், அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை என்றும் அக்கா மகள் சொன்னாள். சட்டைக் காலரின் உள்பக்கத்திலிருந்து ஊசியை உருவி மேஜையில் வைத்தாள்.

டீச்சர் அதைத் தொடவில்லை. டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எண்ணு."

முப்பத்தொன்பது வரைக்கும் குரல் சரியாகத்தான் வந்தது.