மூன்று மாதக் கரகரப்பு

அன்று காலையில் என் டெலிபோன் பூத்தைத் திறந்துகொண்டிருந்தேன். லூர்து அண்ணி வந்து நின்றார். "உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். துபாயில் இருக்கும் அவர்கள் மகன் ராபர்ட்டுக்கு நான்தான் நம்பர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

செபாஸ்டியன் அண்ணன் குத்தாலம் அரிசி மில்லில் இயந்திரம் ஓட்டியவர். மில் இரைச்சலையும் மீறித் தெருமுனைவரை கேட்கும் அவர் குரல் இந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் பூத்துக்கு வந்து மகனிடம் கத்துவார். "ஏண்ணே, துபாய்க்குப் போன் எதுக்கு? வாசல்ல நின்னு கூப்பிட்டாலே கேக்குமே" என்பேன். "உன் பொழப்புக்குத்தாம்மா!" என்று சிரிப்பார்.

ஒரு மார்கழியில் அந்தக் குரல் கரகரத்தது. பனி என்றார், தவிட்டுத் தூசி என்றார். பீடியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மாசி வந்தும் தெளியவில்லை. மகன் துளைத்தெடுத்தபோது, "லைன் சரியில்லடா, அத்தையையே கேளு" என்று ரிசீவரை என் கையில் திணித்துக் கண்ணாலேயே கெஞ்சினார். ராபர்ட் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பதறிக் கிளம்பி வந்துவிடுவானோ என்று அண்ணனுக்குப் பயம். நானும், "ஆமாப்பா, லைன்தான் இரையுது" என்றேன். ஒரு தடவையா? வாராவாரம் சொன்னேன். நாளெல்லாம் குரல் கேட்டே பிழைக்கிற நான்!

சோறு இறங்காமல் போன பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, குரல்வளையில் புற்று என்றார் டாக்டர். "மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தாலே வந்து காட்டணும்மா. ஆரம்பத்துல வந்திருந்தா கரண்ட் வச்சே, அதான் கதிர்வீச்சு குடுத்தே, குரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப குரல்வளையையே எடுத்தாகணும்." பாவி நான்.

ஆபரேஷனுக்குப் பின் கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான் மூச்சு. தவிடு பறக்கும் மில் அத்தோடு முடிந்தது. முங்கினால் துளைக்குள் தண்ணீர் போய்விடுமாம். காவிரியில் நீந்தி வளர்ந்த மனிதர் சொம்பில் மொண்டு கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொண்டார். நான் போய் அழுதபோது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "சொல்லச் சொன்னது நான். நீ ஏன் அழறே?" மூன்று வருடம் இருந்தார். பிறகு கழுத்தில் கட்டியாகத் திரும்பி வந்தது. இந்த முறை விடவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் ராபர்ட்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன். அவன் தலை நிமிரவில்லை.

"அப்பவே தெரியும் அத்தை. லைன் இரையுதுன்னு நீங்க சொன்னது எனக்குத் தெளிவாத்தானே கேட்டுச்சு. நம்பலைன்னா கிளம்பி வரணும். வந்தா வேலை போயிடும். அதான் நம்பின மாதிரியே இருந்துட்டேன்" என்றான்.

இப்போது பூத்துக்கு வருகிற யாருக்காவது குரல் கம்மியிருந்தால், எத்தனை நாளாக என்று கேட்கிறேன். மூன்று வாரம் தாண்டியது என்றால் டாக்டரிடம் போகச் சொல்லிச் சண்டை போடுகிறேன். போன் பேச வந்தால் இது என்ன தொல்லை என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். போகட்டும். அண்ணன் தன் குரலை விலையாகக் கொடுத்து எனக்கு விட்டுப்போனது இந்த வாய். இனி யார் கெஞ்சினாலும் இதை மூட மாட்டேன்.